ஒரு பழைய கணிப்பொறியும் ஓர் அமானிதமும்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் துறைத்தலைவர் அவர்கள் பணித்தபோது, மிகுராசு மாலையைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். ஆயினும் எழுத அமர்ந்த வேளையில் கண்முன் வந்து நின்றவை ஆலிப்புலவரின் பாடல்கள் அல்ல. நம் துறை அறையின் மூலையில் பச்சைத் துணி போர்த்தியபடி இருக்கும் கணிப்பொறிதான். தமிழாசிரியன் கணிப்பொறியைப் பற்றி எழுதுவது தகுமோ என்று அன்பர்கள் ஐயுறலாம். முழுவதையும் படித்தபின் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறேன்.

அக்கணிப்பொறி 2012ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. இன்டெல் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிகாபைட் நினைவகம், 500 ஜிகாபைட் கொள்ளும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 இயங்குதளம் ஆகியவற்றுடன் வந்தது. அந்நாளில் அது நல்ல பொறியே. அதன்பின் வந்த துறை மலர்கள் யாவும் அதில்தான் பேஜ்மேக்கர் கொண்டு பக்கம் அமைக்கப்பட்டன. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது. அது முதல் அதனை இணையத் தொடர்பிலிருந்து விலக்கித் தனியே வைத்திருந்தோம். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் நடை தளர்ந்தது. பொத்தானை அழுத்திவிட்டு வகுப்பிற்குச் சென்று வருகைப்பதிவு எடுத்துத் திரும்பினாலும் முகப்புத் திரை முழுமையாக வந்திராது. ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஆறு நிமிடங்களுக்குச் சற்று மேல். துறை உதவியாளரை நாங்கள் அனைவரும் ‘பாய்’ என்றே அழைப்போம். அவர் சொல்வார்: “அது எழுந்திரிக்கிறதுக்குள்ள நான் லுஹா தொழுதுட்டு வந்துடுவேன் சார்.”

இவ்வளவு தளர்ந்த பொறியை ஏன் வைத்திருந்தோம் என்றால், அதற்குள் மர்ஹூம் பேராசிரியர் அவர்களின் சொல்லடைவு இருந்தது. அவர் என் ஆசிரியர்; பின்னர் என் துறைத்தலைவர். தம் பெயர் அச்சில் வருவதை வாழ்நாளில் விரும்பாதவராதலின் இங்கும் பெயரைக் குறிப்பிடாது விடுகிறேன். வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572ஆம் ஆண்டில் அமைந்தது. அது தொடங்கி நம் இலக்கியங்களில் பயின்று வரும் அரபு, பாரசீக, உருதுச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றிற்கும் பொருளும் பயின்ற இடமும் மூல வடிவும் குறிப்பது அவர் மேற்கொண்ட பணி. கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து என்னும் இலக்கிய வகைப் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. நாமா பாரசீகத்திலிருந்து வந்தது. வந்த சொல் தமிழின் வாயில் எப்படி உருமாறிற்று, எப்புலவர் எவ்வடிவில் ஆண்டார் என்பதையெல்லாம் அவர் முதலில் கெட்டி அட்டைகளில் எழுதினார். பின்னர்க் கணிப்பொறியில் ஏற்றினார். 2008இல் பணி ஓய்வு பெற்ற பின்னரும் லுஹர் தொழுகை முடித்து வந்து அமர்ந்தால், அஸருக்குப் பாங்கு ஒலிக்கும் வரை எழமாட்டார். ஒரு விரலால்தான் தட்டுவார்.

2016இல் அவர் வஃபாத்தாவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் இல்லம் சென்று பார்த்தேன். “அது உங்களிடம் அமானிதம். அச்சேற்றிவிடுங்கள்” என்றார். “ஆகட்டும் ஐயா” என்றேன். எட்டாண்டுகள் ஓடின. நாக் குழுவின் வருகை, பாடத்திட்ட மாற்றம், கொரோனாக் காலத்து இணையவழி வகுப்புகள் எனக் காரணம் சொல்ல எனக்குப் பஞ்சமில்லை. அவர் குறுந்தகட்டில் ஒரு படி எடுத்துத் தந்திருந்தார். தேடி எடுத்தபோது அது அலமாரியில் பூஞ்சை பூத்துக் கிடந்தது. எந்தப் பொறியும் அதைப் படிக்கவில்லை.

2024 நவம்பரில், பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டிய பொருட்களின் பட்டியலை அனுப்புமாறு அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அப்பட்டியலில் அக்கணிப்பொறியை எழுதிக் கையொப்பமிட்டவன் நானே. கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்பது என் எண்ணம். அன்று மாலை படியெடுக்க முற்பட்டேன். பாதி வழியில் பொறி உறைந்து நின்றது. மீண்டும் முயன்றேன், மீண்டும் நின்றது. மூன்றாம் முறை பெட்டிக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஓர் ஓசை கேட்கலாயிற்று. அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

கணிப்பொறி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், பகுதி 1 தமிழ்ப் பாடத்தில் என் வகுப்பினர், ஒப்படைவு தருவதற்காக அவ்வேளையில் உள்ளே வந்தார். ஸலாம் சொன்னவர் ஓசையைக் கேட்டதும் ஒப்படைவை மறந்தார். “சார், முதலில் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை முயலும்போதும் இருப்பதும் போய்விடும்” என்றார். அணைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார். “பொறிக்கு ஒன்றும் ஆகவில்லை சார். டிஸ்க் மட்டும்தான் போய்க்கொண்டிருக்கிறது. இருப்பதைக் காப்பாற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும்” என்றார். நீக்கற் பட்டியலில் கையொப்பமிட்ட மை அப்போது உலர்ந்திருக்காது.

மறுநாள், ஆய்வுக்கூடத்தில் பயனற்றுக் கிடந்த வேறொரு ஹார்ட் டிஸ்க்கைக் கொணர்ந்து திறந்து காட்டினார். முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற வட்டத்தட்டு. அதன்மேல் இசைத்தட்டு முள்ளைப்போல் நீண்ட ஒரு கை. தட்டு நிமிடத்திற்கு 7200 முறை, அஃதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. வேண்டிய செய்தி உள்ள வட்டத்திற்குக் கை நகர, ஆயிரத்தில் ஒரு நொடி என்னும் அளவில், ஒன்பது வரை ஆகிறது. பின் அச்செய்தி சுழன்று முள்ளின் கீழ் வருவதற்குச் சராசரியாக நான்கு. ஆக, ஒரு சிறு செய்தியைத் தேடி எடுக்கப் பதின்மூன்று. நொடிக்கு எழுபத்தைந்து முறைக்குமேல் அதனால் தேட இயலாது.

நூல்களை நாமே எடுக்க அனுமதியில்லாத காலத்து நூலகத்தை அறிந்த மூத்தோர்க்கு இது எளிதில் விளங்கும். சீட்டில் எழுதிக் கொடுப்போம். உதவியாளர் நடந்து சென்று ஒரு நூலை எடுத்து வருவார். அடுத்த சீட்டிற்கு மறுபடியும் நடை. பெருநூல் ஒன்றைக் கேட்டால் ஒரு நடையோடு முடிந்துவிடும். கணிப்பொறியோ விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை ஒவ்வொரு சீட்டாகக் கேட்கிறது. ஆறு நிமிடமும் அந்த நடைக்கே போயிற்று. செயலி வேலையின்றிக் காத்துக் கிடந்தது. நாமோ செயலி கிழமாகிவிட்டது என்று பழித்தோம்.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. சுற்றிலும் காப்பிட்ட நுண்ணறைகளில் மின்னூட்டத்தைச் சிறைவைத்து, அது உண்டு, இல்லை என்பதையே எழுத்தாகக் கொள்ளும் சில்லுகள் உள்ளன. எந்த அறையும் தொலைவில் இல்லை. தேடும் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. நம் பொறியின் சாட்டா இணைப்பு பழைய தலைமுறையைச் சேர்ந்தது. புதிய கருவி நொடிக்கு 550 மெகாபைட் வரை தரவல்லதாயினும், அதில் ஏறத்தாழப் பாதிதான் இவ்விணைப்பு வழியே செல்லும். இதை அறிந்தபோது எனக்கு மனம் சோர்ந்தது. மாணவர் சிரித்தார். “பாதி வேகம் போதும் சார். நமக்கு வேண்டியது அந்த நடையை ஒழிப்பதுதான்” என்றார்.

தட்டுச் சுழலும் முறை இன்று நேற்று வந்ததன்று. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டவை ஐம்பது இலட்சம் எழுத்துகளே. சில்லு முறைக்கு வழிகோலியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா. இன்று எஸ்.எஸ்.டி.களில் பயன்படும் நாண்ட் வகையை அவர் குழுவினர் 1987இல் அறிமுகம் செய்தனர்.

இவ்விடத்தில் தமிழாசிரியனுக்கு உரிய ஒரு முறையீடு உண்டு. ஹார்ட் டிஸ்க்கை ‘வன்தட்டு’ என்று வழங்கினோம், பொருத்தமான சொல். எஸ்.எஸ்.டி.யைத் ‘திண்மநிலை இயக்கி’ என்கின்றனர். திண்மம் யாதிலில்லை? இயங்கும் உறுப்பு ஒன்றேனும் இல்லாத பொருளுக்கு ‘இயக்கி’ என்று பெயரிடுவதும் எனக்கு உவப்பாக இல்லை. கடைத்தெருவில் எஸ்.எஸ்.டி. என்றால்தான் எடுத்துத் தருகிறார்கள். ஆகவே அப்படியே வழங்குகிறேன். நம் முன்னோர் ‘முனாஜாத்து’ என்பதை அப்படியே ஏற்கவில்லையா? இளைய தலைமுறையினர் இதற்கு நல்லதொரு சொல் கண்டால் மகிழ்வேன்.

சனிக்கிழமை அஸருக்குப்பின் மீட்புப் பணி தொடங்கிற்று. விடுதிக் காப்பாளரிடம் மாணவருக்காக நானே அனுமதி பெற்றேன். நூலகத்திலிருந்து 1000 ஜிகாபைட் கொள்ளும் வெளிப்புற டிஸ்க் ஒன்று இரவலாகக் கிடைத்தது. விண்டோஸைத் தொடாமல், பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கொண்டு பொறியை எழுப்பினார். டிடிரெஸ்க்யூ என்னும் கட்டணமில்லா மென்பொருளை இயக்கினார். அது வேலை செய்யும் முறை என்னைக் கவர்ந்தது. எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளையெல்லாம் முதலில் வாரிக்கொள்கிறது. முரண்டு பிடிக்கும் இடத்தில் நின்று போராடுவதில்லை. குறித்துக்கொண்டு தாண்டிச் செல்கிறது. எல்லாம் முடிந்தபின் திரும்பி வந்து, விடுபட்ட இடங்களைச் சிறிது சிறிதாகச் சுரண்டுகிறது. சிதைந்த ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போரும் அவ்வாறே செய்வர்.

பழைய பொறியின் வெளி இணைப்பு மெதுவானது. நொடிக்கு 30 மெகாபைட் அளவில்தான் நகர்ந்தது. இஷாத் தொழுதுவிட்டு வந்தபோது பாதிகூட ஆகவில்லை. இரவு பத்தரை மணிக்கு மழையோடு மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கியது. பின் திரை இருண்டது. நான் ஒன்றும் பேசவில்லை. பாய் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுத் தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லி மழையில் இறங்கினார். மாணவர், “கவலைப்படாதீர்கள் சார். எதுவரை படித்தது என்று அது எழுதி வைத்துக்கொண்டேதான் போகிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும்” என்றார். மின்சாரம் திரும்பியபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. அவர் சொன்னபடியே தொடர்ந்தது.

பஜ்ரு தொழுகைக்குச் சென்று திரும்பியபோது பணி முடிந்திருந்தது. 500 ஜிகாபைட்டில் மீளாதவை இருநூறு கிலோபைட் அளவே. நூற்றுக்கு நூறு என்றே சொல்லத்தக்க அளவு. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அந்த இருநூறும் எங்கே விழுந்திருக்கின்றன என்பது அப்போது தெரியாது.

புதிய கருவியைச் சென்னை சென்றிருந்த நண்பர் ஒருவர் ரிச்சி தெருவில் வாங்கி வந்திருந்தார். 240 ஜிகாபைட், விலை ஆயிரத்து எழுநூறு ரூபாய். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சீட்டுக்கட்டின் எடைகூட இல்லை. எங்கள் கோப்புகளும் மென்பொருள்களும் சேர்ந்து 61 ஜிகாபைட்டே இருந்தமையால், சிறிய கொள்ளளவே போதுமாயிற்று. வெற்று எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவது எளிது என்றார் மாணவர். நான் மறுத்தேன். பேஜ்மேக்கரின் வளர்ச்சி 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. எங்களிடமிருந்த நிறுவற் குறுந்தகடும் எங்கேயோ போய்விட்டது. அதனினும் முக்கியம் எழுத்துரு. தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை 1999இல் அறிவித்தது. பேராசிரியர் அவர்கள் டாம் எழுத்துரு ஒன்றிலேயே எழுதிவந்தார். 2010இல் அரசு ஒருங்குறிக்கு மாறியபோதும் அவர் மாறவில்லை. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அக்கோப்புகளைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளின் குப்பைதான் தோன்றும். ஆகவே மீட்ட படியை உள்ளது உள்ளவாறே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினோம்.

பொருத்துவது கால்மணி நேர வேலை. சிறிய கருவி பெரிய இடத்தில் அமர ஒரு சட்டம், நான்கு திருகுகள், இரண்டு இணைப்புகள், அவ்வளவே. இடையில் ஒரு கண்டம் இருந்தது. எஸ்.எஸ்.டி.க்கு உகந்த ஏ.எச்.சி.ஐ. என்னும் முறைக்குப் பொறியின் அடிப்படை அமைப்பை மாற்ற வேண்டும். ஆயத்தமின்றி மாற்றினால் விண்டோஸ் 7 நீலத்திரை காட்டி நின்றுவிடும். மாணவர் முன்னதாகவே பதிவேட்டில் ஓர் எண்ணைத் திருத்தி வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினோம். முப்பத்தைந்து நொடிகளில் முகப்புத் திரை வந்தது. பாய் அருகில் வந்து பார்த்துவிட்டு, “இனிமே லுஹாவ வீட்டுலயே தொழுதுட்டு வரணும் போல” என்றார்.

சொல்லடைவின் ‘அ’ வரிசைக் கோப்பைத் திறந்தேன். அக்கீகா என்று தொடங்கி வரிசை இறங்கிற்று. ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் அந்த ஒற்றை விரலின் உழைப்பு. ஒவ்வொரு வரிசையாகத் திறந்து பார்த்தோம். ‘த’ வரை வந்தோம். ‘ந’ திறக்கவில்லை. கோப்புச் சிதைந்துள்ளது என்று பொறி அறிவித்தது. மாணவர் ஒரு மணி நேரம் எதையெதையோ முயன்றார். பின்னர் என் முகத்தைப் பாராமல், “மன்னியுங்கள் சார்” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரல்லர்.

‘ந’ தவிர ஏனைய யாவும் மீண்டன. நீக்கற் பட்டியலிலிருந்து பொறியை விடுவிக்கக் கடிதம் எழுதி என் கையொப்பத்தை நானே திரும்பப் பெற்றேன். கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியும் தொடங்கிவிட்டது. எஸ்.எஸ்.டி.யை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. அதற்கும் குறைகள் உண்டு. எழுதி எழுதி அழிக்க அதன் அறைகள் தேயும். நம்மைப் போன்றோர் பயன்பாட்டிற்கு அது பெரிதன்று. ஆனால் ஹார்ட் டிஸ்க்கைப் போல முனகி எச்சரிக்காமல், ஒருநாள் சட்டென்று அமைதியாகிவிடக்கூடும். அப்போது மீட்பது அதனினும் கடினம். மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தாலும் சிறைவைத்த மின்னூட்டம் கசியும். எனவே ஒரு படி நூலகத்து டிஸ்க்கிலும், ஒரு படி வெளியூரில் உள்ள நண்பர் இல்லத்திலும் இருக்கின்றன. தாளிலும் ஒரு படி எடுத்துக் கட்டிவிட்டேன்.

ஜமாஅத் பெரியவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. ஆகவே பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் அலுவலகங்களிலும், ஓடக்கூடிய பொறிகள் பல வெளியேற்றப்படும் நிலையில் உள்ளன. 4 ஜிகாபைட் நினைவகமேனும் உள்ள பொறியானால் ஓர் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி லினக்ஸை நிறுவினால், கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பிள்ளைகள் தட்டச்சுப் பழகவும் தாராளமாக உதவும். 2 ஜிகாபைட் மட்டுமே உள்ளதாயின் நினைவகத்தையும் கூட்ட வேண்டும். தாய்ப்பலகையே பழுதாயின் செலவிடுவது வீண். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்று சிறு வயதில் ஓதிக்கொடுத்த ஆலிம்சா அடிக்கடி சொல்வார். பொறியைக் கொடுத்துவிடுவதாக இருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். அதற்குள் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பது வாங்கிச் செல்பவருக்குத் தெரியாது.

‘ந’ வரிசைக்கு வழி தேடிப் பேராசிரியர் அவர்களின் இல்லம் சென்றேன். அவர் மகளார், வாப்பாவின் அட்டைகள் என்று இரண்டு செருப்புப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கித் தந்தார். ஒன்றைக் கரையான் அரித்திருந்தது. மற்றொன்றில் ‘த’வின் இறுதியும் ‘ந’வின் பெரும்பகுதியும் இருந்தன. முதுகலை மாணவியர் இருவர் வாரம் இருநாள் அமர்ந்து அவற்றைத் தட்டச்சு செய்கின்றனர். நசீபு, நபி, நாமா, நிக்காகு, நிய்யத்து எல்லாம் வந்துவிட்டன. ‘நகரா’வின் அட்டையை மட்டும் காணவில்லை. பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் ஒலிக்கும் அம்முரசின் பெயரை எப்புலவர் எங்கே ஆண்டார் என்று அவர் கண்டிருந்தாரோ, நாங்கள் நூல்களைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறோம்.